இடதில் நான்கு டெசிபெல்

கொம்தார் பக்கத்து மாலில், மூன்றாம் மாடியில்,
கியாட் ஹோங் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னான்:
"முந்நூறு ஓம், அங்கிள். லேப்டாப் ஓட்டையில நேரா சொருகினா
கொசுதான் பாடும்."
ஆகவே ஓர் ஆம்ப் சேர்ந்துகொண்டது,
சோப்புக்கட்டி அளவில் ஒரு டேக்கும்.
அறுநூற்று எண்பது வெள்ளி.
வீட்டில் நானூறு என்றேன்.

சாப்பாட்டு மேசையில் பாதி எனக்கு.
பாதி, தவமலர் திருத்தவேண்டிய நான்காம் ஆண்டு நோட்டுகளுக்கு.
கணினியில் ஒலியை முழுதாகத் திறந்துவிடு,
அடக்குவதைக் குமிழ் பார்த்துக்கொள்ளும் என்றது கையேடு.
திறந்தேன்.
பாட்டுக்கு முன்னால் ஒரு முனகல் வந்தது.
சார்ஜரைப் பிடுங்கினால் போகிறது,
சொருகினால் வந்து உட்காருகிறது.
இரண்டு சுவரில் இரண்டு பிளக்.
பூமிக்கு இறங்க இரண்டு வழி கிடைத்த மின்சாரம்
எதிலும் இறங்காமல்
என் காதுக்குள் வட்டமடித்துக்கொண்டிருந்தது.
எல்லா வாலையும் ஒரே கட்டையில் சொருகினேன்.
நின்றது.
தரையிறங்கும் இரண்டு விமானங்களுக்கு நடுவே
அப்படியொரு அமைதியை
இந்தப் பன்னிரண்டாம் மாடி கண்டதில்லை.

பிறகு அவள் வந்தாள். ஒரு குரல், ஒரு தம்புரா.
நெற்றி நடுவில் நிற்கவேண்டியவள்
வலப்பக்கம் ஒதுங்கி நின்றாள்,
நெரிசல் பஸ்ஸில் யாருக்கோ இடம் விடுவதுபோல.

இருபத்திரண்டு வருடம் பழுது பார்த்தவன் நான்.
எங்கே என்று தெரியாவிட்டால் இடத்தை மாற்று,
பழுதும் கூடவே நகர்ந்தால் பொருளில்;
நகராவிட்டால்,
பொருளை விட்டுவிடு, வேறெங்காவது தேடு.
கேபிளை இடம் வலம் மாற்றினேன். வலம்.
ஹெட்ஃபோனையே திருப்பி மாட்டினேன். வலம்.
டேக்கையும் ஆம்ப்பையும் கழற்றிவிட்டு
கியாட் ஹோங்கின் கொசு ஓட்டையிலேயே சொருகினேன்.
சின்னக் கொசு. அதுவும் வலம்.

மாற்றிப் பார்க்காமல் மிச்சமிருந்தது ஒன்றுதான்.
அதற்கு உத்தரவாத அட்டை இல்லை.

பாயான் லெப்பாஸில் ஏழாம் எண் பிரஸ்
எனக்கு இடப்பக்கம் நின்றது.
கையெழுத்து வாங்கிக்கொண்டு
மஞ்சள் பஞ்சு அடைப்பான் ஒரு ஜோடி தருவார்கள்.
வலதை வைத்துக்கொள்வேன். இடதை எடுத்துவிடுவேன்.
பேரிங் தேயத் தொடங்கும்போது ஒரு சிணுங்கல் வரும்,
பால் கேட்கப் போகிற குழந்தை மாதிரி,
அழுகைக்கு முந்தியது.
மீட்டர் காட்டுவதற்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுவேன்.
லைன் நின்றதேயில்லை.
ஒரு வருடம் அதற்காகப் பேரங்காடிக் கூப்பன் கொடுத்தார்கள்.
ஐம்பது வெள்ளி.

ஒலி அமைப்புக்குள் ஆழத்தில் சமநிலை என்று ஒரு கோடு.
இடதை ஏற்றினேன்.
ஒன்று. அவள் அசையவில்லை.
இரண்டு. காலை மாற்றி வைத்தாள்.
மூன்று.
நான்கில் வந்து நின்றாள், புருவங்களுக்கு நடுவே,
அடுத்த வரிக்கு மூச்சை இழுத்துக்கொண்டு.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.
ஹெட்ஃபோன் அழுத்தியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"கொடுங்க பார்ப்போம்."
சிவப்புப் பேனாவைக் கொண்டையில் செருகிவிட்டு
தவமலர் மாட்டிக்கொண்டாள்.
கொஞ்ச நேரம் கேட்டாள். முகம் சுளித்தாள்.
"இந்தம்மா ஏன் இடப்பக்கமே சாஞ்சு நின்னு பாடுது?
நானூறு வெள்ளி வாங்கினவன்
நேரா நிக்க வச்சுக் குடுக்க மாட்டானா?"

இரண்டு பெயரில் சேமித்துவைத்தேன்.
ஒன்று 'தவம்'. அதில் எல்லாம் பூஜ்யம்.
இன்னொன்றுக்கும் பெயர் கேட்டது கணினி.
'ஏழு' என்று அடித்தேன்.
தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தவள்,
"யாருங்க அது, ஏழு?"
சொல்றேன் உட்காரு, என்றேன்.
முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன்.