அரைப்புள்ளி

செவ்வகம் என்பது இரண்டே முடிவுகள்.
ஒரு மூலையில் அழுத்துகிறேன்,
எதிர் மூலையில் விடுகிறேன்.
மற்ற இரண்டு மூலைகளை யாரும் அழைப்பதில்லை.
பந்திக்கு வருகிற பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி
தாமாக வந்து நிற்கின்றன.

வட்டத்துக்கும் பெட்டிதான்.
கண்ணுக்குத் தெரியாத பெட்டி ஒன்றை இழுக்க,
அதன் நாலு சுவரையும் தொட்டுக்கொண்டு
ஒரு முட்டை வளரும்.
கன்ட்ரோல் பொத்தானில் சுண்டுவிரல் இருக்கும்வரை வட்டம்.
மவுஸுக்கு முன்னால் விரல் எழுந்துவிட்டால்
திரும்ப முட்டை.
எத்தனை வட்டங்கள் இப்படிக் கடைசி நொடியில்.

செக்காலை ரோட்டில், மருந்துக்கடை மாடியில், எங்கள் கடை.
செவ்வாய் மதியம், கரண்ட் போய் வந்த பிறகு,
சிகப்பி என்று பில்லில் பேர் சொன்னவர் வந்தார்.
நாற்பது வயதிருக்கும்.
ஓசூரில் ஆடிட்டர் ஆபீஸில் வேலையாம்.
கையில் கோடு போட்ட நோட்டுத்தாள்.
"கோட்டையூர் வீட்டுப் பங்குப் படம். ஒம்போது பங்கு.
வக்கீல் கம்ப்யூட்டர்ல போட்டுத் தரச் சொன்னாரு."

இழுத்தேன், விட்டேன்.
முகப்பு ஒன்று. வளவு ஒன்று.
இரண்டாங்கட்டு அறை ஒன்று வரைந்து
எட்டு நகல்.
உள்ளே நிறம் கொடுக்கவில்லை, ஓரக்கோடு மட்டும்.
நிறம் கொடுத்தால் அடியில் இருப்பது மறையும்;
வக்கீலுக்கு எல்லாமே தெரிந்தாக வேண்டும்.
"கெணறு பொது" என்றார்.
எல்லாக் கோட்டையும் கிணற்றுக்கு முன்னால் நிறுத்தினேன்.

ஒவ்வொரு பெட்டியிலும் புள்ளி வைக்கச் சொன்னார்.
எனக்குப் புள்ளி என்றால்
வளைவு திரும்புகிற இடம், பிடித்து இழுக்கிற கணு.
அவர்களுக்குப் புள்ளி என்றால்
கல்யாணமான ஒரு ஜோடி,
கோயில் வரியில் ஒரு தலைக்கட்டு.
பக்கத்தில்தான் கல்லல், என் ஊர்;
அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

"கடைசிப் பொட்டி என்னுது.
அதுல அரைப்புள்ளி."

ஏன் என்று கேட்கவில்லை.
தாளில் அந்த இடத்தில்
பேனா இரண்டு முறை அழுத்தியிருந்தது.

அரைப்புள்ளியை எப்படி வரைவது?
கீபோர்டில் ஒன்று இருக்கிறது,
மேலே புள்ளி, கீழே வால். அது இதில்லை.
ஒரு வட்டம் போட்டேன்.
அதன் கணுவைப் பிடித்துச் சுற்றினேன்.
வட்டம் வாய் திறந்தது.
இன்னும் சுற்றினேன், தர்பூசணித் துண்டு.
சரிபாதியில் நிறுத்தினேன்.
வெட்டுப்பட்ட பக்கம் மேலா, கீழா?
மேலே என்றால் திருவோடு.
கீழே என்றால் தேர்தல் கமிஷன் வந்துவிடும்.

அவர் சிரித்துவிட்டார்.
நான் எதிர்பார்க்கவில்லை.
"கணக்குலதாம்மா அரை.
ரூம்பு முழு ரூம்புதான்."
பிறகு திரையையே கொஞ்ச நேரம்.
மேலே மின்விசிறி டக் டக்கென்று.
"முழுசாவே போட்டுரு.
யாராச்சும் கேட்டா
கடைப் பொண்ணு தப்பாப் போட்டுருச்சுன்னு சொல்லிக்கிறேன்."

சுண்டுவிரலைப் பொத்தானில் வைத்தேன்.
இழுத்தேன்.
மவுஸை விட்ட பிறகுதான் விரலை எடுத்தேன்.

"பெருசு பண்ணிக் காட்டு."
நானூறு பர்சன்ட். ஆயிரத்து அறுநூறு.
கிணறு திரைக்கு வெளியே போயிற்று,
பங்காளிகள் போனார்கள்,
ஒரு கறுப்பு வளைவு மட்டும் இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை.
போட்டோவாக இருந்தால்
இந்நேரம் கட்டம் கட்டமாகப் பிய்ந்திருக்கும்.
"ஒடையலயே" என்றார்.
உடையாது மேடம், உள்ளே படம் கிடையாது,
மையம் எங்கே, ஆரம் எவ்வளவு
அவ்வளவுதான் எழுதி வைத்திருக்கிறது என்றேன்.
தலையாட்டினார். கணக்கு பார்க்கிறவர்.

ஏ-3 இரண்டு நகல், எண்பது ரூபாய்.
கோப்புக்குப் பேர்: கோட்டையூர் ஒன்பது கடைசி.
(கடைசி என்று நான் பேர் வைத்த எதுவும்
கடைசியாக இருந்ததில்லை.)

படியில் அவர் செருப்பைத் தேடும்போதே
மஞ்சுவிரட்டு ஃப்ளெக்ஸுக்கு ஒரு பையன் ஏறி வந்தான்.
காளைக்குப் பின்னால் நட்சத்திரம் வேண்டுமாம்.
எத்தனை முனை என்றேன்.
"எத்தனக்கா வரும்?"