கடைசி வளைவு

கருங்கல் சந்தையில் வாங்கின மரச்சீனியை
வெட்டிக்கொண்டிருந்தபோது பெர்லினிலிருந்து அழைப்பு.
தாமர். நஃப்தாலியின் மகள்வழிப் பேத்தி.
அங்கே மூன்றரை மணி, டிசம்பர், ஜன்னல் அதற்குள் சாம்பல்.
இங்கே எட்டு. கரண்ட் போய் அரை மணிக்கூர்.
"ரெத்னா, தாத்தா வெள்ளிக்கிழமை ராத்திரி
என்னமோ முனகுவாராமே. ஞாபகம் இருக்கா?"

ஒன்பது வருடம் அந்தக் கட்டிலருகே
நாற்காலியில் தூங்கியவளிடம் கேட்கிறாள்.

ஹைஃபா வீட்டில் மெழுகுதிரி ஏற்றியதே இல்லை.
ஊரே உபவாசம் இருந்த நாளில்
பால்கனியில் உட்கார்ந்து, தெரு பார்க்க
ரொட்டி தின்ற மனுஷன்.
தகப்பன் பெயரைக் கப்பலிலேயே விட்டுவிட்டு இறங்கினாராம்.
ஃபெல்ட்மன் போய் சதே.
"இரண்டிலும் வயல்தான். அதை மட்டும் விட முடியல பார்."
எங்கள் வயலில் முதலில் வாழை, பிறகு ரப்பர்,
இப்போது மனைக்கல் என்று
எபிரேயத்தில் சொல்லத் தெரியாமல்
நானும் கூடச் சிரித்தேன்.

என் பெயரின் கதை வேறு.
விமான நிலையத்தில் அந்த அதிகாரிப் பெண்
கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
ரெத்தினபாய். தகப்பன் பெயர் இஸ்ரவேல்.
"உன் அப்பா யூதரா?"
பனையேறி, அம்மா.
அவருக்கு அப்பா சீயோன். சீயோனுக்கு அப்பா மோசே.
மோசேக்கு அப்பா மாடன்.
மிஷன் பள்ளிக்கூடப் பதிவேட்டில்
ஒரு மைத்தொட்டலில் நாங்கள் கடந்த செங்கடல்.

நஃப்தாலியின் மகன் முப்பது வயதில் தாடி வளர்த்து
கறுப்புத் தொப்பிக்குள் போனவன்.
அப்பாவைப் பார்க்க வரும்போது
காகிதத் தட்டும் தன் சோறும் கொண்டுவருவான்.
எங்கள் குழாய்த் தண்ணீரை மட்டும் நம்பினான்.
பேத்தியோ, கிழவர் தப்பி ஓடிவந்த போலந்தின்
கடவுச்சீட்டையே எழுதிக் கேட்டு வாங்கி,
ஜெர்மனியில் வீடு பிடித்தாள்.
அன்று அவர் சாப்பிடவில்லை.
மறுநாள் ஏன் சாப்பிடவில்லை என்பதையும் மறந்திருந்தார்.

எபிரேயம் முதலில் உதிர்ந்தது. பிறகு என் பெயர்.
கிழமை தெரியாத மனுஷனுக்கு
வெள்ளி மட்டும் எப்படியோ தெரிந்தது.
சூரியன் கடலில் முட்டும் நேரம்
கட்டில் கம்பியில் விரல்முட்டியால் தட்டுவார்.
பிறகு அது.

"மாமாவிடம் கேட்டேன்" என்கிறாள் தாமர்,
"அவர் பாடுவது ரப்பி கொடுத்த மெட்டு.
எனக்கு வீட்டு மெட்டு வேணும்.
ஆறு மாசம் ரெத்னா, வயிறு பாரு.
இன்னைக்குத்தான் முதல்முதலா மெழுகுதிரி வாங்கியிருக்கேன்."

பாடினேன். சொல் கிடையாது அதில்,
ஐ யை, ஐ யை யை என்று மட்டும்.
கத்திப் பிடியால் பலகையில் தட்டிக்கொண்டு.
மூன்றாம் சுற்றில் ஏறி
இறங்கும் இடத்தில்தான் உறைத்தது:
இந்த வளைவு அவருடையது இல்லை.
ஞாயிறு மாலை எங்கள் சபையில்
முடிவு ஜெபத்துக்கு முன் இழுத்து இறக்குவோமே, அது.
எப்போது நுழைந்தது?
இங்கே பாத்திரம் கழுவும்போதா?
அல்லது ராத்திரி ராத்திரியாய் நான் முணுமுணுக்கக் கேட்டு
அவரேதான் எடுத்துக்கொண்டாரா?

சொல்லிவிட்டேன்.
"தாமர், அந்தக் கடைசி வளைவு எங்க கோயிலுது.
மற்றது அவருது. அப்படித்தான் நினைக்கிறேன்."

படம் உறைந்து, வாய் திறந்தபடி நின்றாள்.
பிறகு குரல் மட்டும் வந்தது:
"மாமா கேட்டா சொல்லாதே."

அங்கே தீக்குச்சி உரசும் சத்தம்.
இங்கே கரண்ட் வந்து, வாசலில் மகன் கட்டின
கிறிஸ்மஸ் நட்சத்திரம் பட்டென்று எரிந்தது.
வெட்டி வைத்த கிழங்கு
ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது.