நாங்கள்

வொரு நகரின் விளிம்பில், ஏரியைப் பார்த்த காப்பகம்.
கீழ்த்தளத்தில் பதினோரு பேர்.
எண்டெலின் சட்டைக்கு ஏழு பொத்தான்.
அவர் போட்டால் ஒன்பது நிமிடம்,
நான் போட்டால் நாற்பது நொடி.
முதல் வாரம் அவர் விரல்கள் என் விரல்களை
முந்தப் பார்த்தன.
மூன்றாம் மாதம் கைகளைத் தொங்கவிட்டுக்
கழுத்தை மட்டும் உயர்த்தித் தந்தார்.
‘பொத்தான் போட இயலாதவர்’ என்று
பதிவேட்டில் எழுதினேன்.
பொய்யில்லை. அன்றைக்கு அது உண்மைதான்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே திரினு சொல்லித் தந்தாள்:
சத்தமாகப் பேசு, சின்னச் சின்னதாகப் பேசு,
கேள்வி கேட்டால் சிரி.
‘நாம்’ என்று சொல், அதில் அன்பு இருக்கிறது.
நாம் குளிக்கலாமா? நாம் மாத்திரை போட்டுக்கலாமா?
நனைந்தது அவர்கள்.
கசந்தது அவர்களுக்கு.

லெய்டா, முப்பது வருடம்
வால்கா நிலையத்தில் சிக்னல் பார்த்தவள்,
நாலரை மணிக்கு எதற்கு இரவுச் சாப்பாடு என்று கேட்டாள்.
‘மாலையில் எரிச்சல்’ என்று எழுதினோம்.
அரை மாத்திரை கூடியது.
இந்தக் குரலை உன் நாய்க்கு வைத்துக்கொள் என்றாள்.
அதையும் எழுதினோம்.

பிப்ரவரியில் ஓர் இரவு பனி கொட்டித் தீர்த்தது.
காலை ஆறு மணி வண்டி வரவில்லை.
கட்டடத்தில் நான் ஒருத்தி.
மாடியில் ஹெல்யுவுக்கு மூச்சுத் திணறல்;
ஒரு கையில் அவள் கை, மறு கையில் மருத்துவரின் தொலைபேசி,
பத்து மணி வரை அங்கேயே.
படியிறங்கும்போது
விபத்துப் படிவத்தை மனசுக்குள் நிரப்பிக்கொண்டே வந்தேன்:
விழுந்தவர்கள் எத்தனை, எங்கே, எந்த எலும்பு.

காப்பி மணம்.

லெய்டா கறுப்பு ரொட்டியை நறுக்கிக்கொண்டிருந்தாள்.
கத்தியால். மூன்று வருடமாய் நாங்கள் பூட்டி வைத்த கத்தி.
சாவி தொங்கும் ஆணி எல்லாருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது.
நடைவண்டிக் கூடையில் கோப்பைகள் கிணுகிணுத்துப் போயின.
பேச்சு போய்விட்டதென்று நாங்கள் முடித்து வைத்த ஔகுஸ்ட்
‘உப்பு’ என்றார். யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.
பால் சிந்தியிருந்தது. யாருடைய செருப்போ யார் காலிலோ.
மார்த்தா படுக்கையில் நனைந்துதான் கிடந்தாள்,
ஆனால் அவள்மேல் யாருடையதோ கம்பளிக் கோட்டு.
எண்டெலின் சட்டை, ஒரு பொத்தான் தள்ளி,
கோணலாக, முழுசாக.

சாப்பிட்டோமா, என்று ஆரம்பித்தேன்.
‘நாங்கள் சாப்பிட்டுவிட்டோம்’ என்றாள் லெய்டா,
கத்தியைத் துடைத்தபடி.
அந்த ‘நாங்கள்’ எத்தனை பெரியது,
நான் மட்டும் அதற்கு வெளியே.
பிறகு எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள்.

மறுநாள் சாலை திறந்தது. ஐந்து பேரும் வந்துவிட்டோம்.
அலமாரிக்குப் புதுப் பூட்டு.
பதிவேட்டில்: ‘அசம்பாவிதம் ஏதுமில்லை.’
எண்டெல் கழுத்தை உயர்த்தினார்.
பழக்கத்தில் என் கைகள் போயின.
மூன்றாவது பொத்தானில் நின்றன.
அவர் விரல் ஒன்று தொடையிலிருந்து லேசாக எழுந்தது.
எட்டாம் அறையில் மணி. ஒன்பதாம் அறையில் மணி.

நாலாவதையும் நானே போட்டேன்.