காகம்?

வாலிநோக்கத்தில் என் கூரைமேல் ஒரு கிண்ணம்.
பழைய டிஷ் ஆண்டெனாதான்.
உப்புக்காற்றுக்குப் பயந்து,
படகுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்ட்டை
இரண்டு முறை பூசியிருக்கிறேன்.

காலையில் சூரியனைப் பிடித்தால்
பொழுது சாயும்வரை விடாது.
முழுச் சூரியனையும் ஒரே முனகலாகக் கேட்கும்;
எந்த வளையம் முனகியது என்று பிரிக்கத் தெரியாது.
எனக்கு வாய்ப்பது திரையில் ஒரு கோடு,
அதன் நடுக்கம்.

தண்ணீர் கேட்டு வந்த உப்பளத்துப் பஞ்சவர்ணம்
"வெயில் சுடுதுன்னு சொல்ல
இம்புட்டு வயரா?" என்றாள்.

ஆமாம் என்றேன். பிறகு, இல்லை என்றேன்.
சூரியனின் தோல் ஆறாயிரம் பாகை.
அதற்கும் மேலே, ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத இடத்தில்,
காந்தம் வளைத்த வில்களுக்குள்
பத்து லட்சம், இருபது லட்சம்.
அடுப்பைவிட்டு விலக விலகக் கொதிக்கும் உலை.
ஏனென்று முழுசாக யாருக்கும் தெரியாது.
அவள் அண்ணாந்து குடித்துவிட்டுப் போனாள்.

பதினொன்று பதினேழுக்குக் கோடு
ஓர் அரிசி உயரம் நிமிர்ந்தது.
துள்ளவில்லை.
உப்பு பூக்கும் முந்தின நாள்
பாத்தித் தண்ணீர் கனத்துப்போகுமே, அப்படி.

கிண்ணத்தில் காகம் உட்கார்ந்தாலும் இப்படித்தான் காட்டும்.
கேபிள் வெயிலில் இளகினாலும்,
கடற்படை ராடார் இந்தப் பக்கம் திரும்பினாலும்.
நோட்டில் எழுதினேன்: காகம்?
ஏறிப் பார்த்தேன்.
காய்ந்த எச்சம் மட்டும்.

பதினொன்று முப்பத்தொன்பது.
கோடு திரையைத் தாண்டிப் போயிற்று.
கீழக்கரையில் ஹாம் ரேடியோ சீனி அபுதாகிர்
பினாங்குக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.
"இங்கே மழை, அங்கே" என்ற குரல்
அப்படியே மணலுக்குள் இறங்கிவிட்டதாம்.
சிற்றலை நாற்பது நிமிடம் ஊமை.
போனில் கூப்பிட்டு என் ஆண்டெனாவைத் திட்டினார்.

இருபத்திரண்டு நிமிடம்.
வெடிக்குமுன் வளையம் சொல்லிவிட்டது
என்று எழுத ஆசைதான்.
ஆனால் இதே நோட்டில், இந்தச் சித்திரையில் மட்டும்
பதினான்கு முறை கோடு நிமிர்ந்திருக்கிறது.
வெடித்தது மூன்று.
மிச்சம் பதினொன்றும் சூடேறி
யாரிடமும் சொல்லாமல் ஆறிப்போயின.
அவற்றில் எத்தனை நிஜமாகவே காகம்?

சாயங்காலம் கிண்ணம் மேற்கே கவிழ்ந்து நின்றது.
எழுதியதை அடிக்கவில்லை.
பக்கத்தில் கணக்குப் போட்டேன்:
வந்து சேர எட்டு நிமிடம், இருபது நொடி.
கழித்தால், அங்கே அது சூடேறியபோது
இங்கே பதினொன்று எட்டு.

பஞ்சவர்ணத்துக்கு நான்
பானையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன்.