பதிவில் இல்லாதது

இன்வர்கார்கில் நகர மண்டபம். ஆளுக்குப் பத்து நிமிடம்.
சொல்வதையெல்லாம் தட்டச்சு செய்வது என் வேலை.

ரொவீனா டல்லக், கால்நடை மருத்துவர்.
நரம்புகள் ஒவ்வொன்றாய்க் கைவிட்டு
இப்போது விரல்கள்.
"நாய்க்குக் காட்டும் கருணையை
மனிதருக்குக் காட்டக் கூடாதா என்கிறார்கள்
என் பக்கத்து ஆட்கள்.
அந்த வாதம் வேண்டாம்.
நாற்பது வருடம் ஊசி போட்டவள் நான்.
ஒரு நாயும் என்னைக் கேட்டதில்லை.
நான் கேட்கிறேன்."

அடுத்து நையரி பாக்கி.
மேடைக்குச் சாய்தளம் இல்லை,
சக்கர நாற்காலியோடு கீழிருந்தே பேசினாள்.
"குளியலறைக்கு ஒரு கைப்பிடி கேட்டேன்.
பதினான்கு மாதம். மூன்று படிவம்.
சாவைக் கேட்டால் மட்டும்
சட்டென்று கையெழுத்து விழுமோ?
அந்த வேகம்தான் பயம்."

மணி அடித்தது.
உறுப்பினர் ஒருவர் வெகுநேரம் மூக்குக் கண்ணாடி துடைத்தார்.
அதைப் பதியவில்லை.

இடைவேளை. தெற்குக் காற்று சன்னலை உலுக்கியது.
தேநீர்க் கோப்பையை
இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கப் பார்த்துத்
தோற்றுக்கொண்டிருந்தாள் ரொவீனா.
நாற்காலியை உருட்டிப்போய்
அதைப் பிடித்துக்கொண்டாள் நையரி.

"சூடா?"
"இல்லை. இன்னும் கொஞ்சம் சாய்."

'பிற்பகல் அமர்வு' என்று தட்டினேன்.
அதற்கு முன்னால்
ஒரு வரி வெறுமையாய் விட்டேன்.