பன்னிரண்டாம் நாள்

கட்டிலுக்கு அடியில் நிற்கிறது
இருபது லிட்டர் பெயிண்ட் வாளி.
அடியில் துளை போட்டுக் குழாய் பொருத்தித் தந்த
பிளம்பர் மோசஸ் காசு வாங்கவில்லை,
சங்கரா மீன் குழம்பு கேட்டார்.
அவர் மிச்சம் வைத்த முள்ளும்
இப்போது உள்ளேதான்.

அரிசி களைந்த நீரை நாலு நாள் புளிக்கவிட்டுப்
பால் ஊற்றினேன். ஏடு மேலே ஒதுங்கியதும்
அடியில் தெளிந்த மஞ்சள் நீரை எடுத்து
வெல்லத்தோடு தவிட்டில் பிசைந்து
பையில் இறுக்கிக் கட்டிப்போட்டு, பிறகு
மொட்டைமாடியில் புறாவை விரட்டி விரட்டிக்
காயவைத்தேன்.

ஒரு தட்டுத் தோலுக்கு ஒரு பிடி தவிடு.
அமுக்கி மூடணும், மூச்சுக் காற்றுகூட இருக்கக்கூடாது.
அழுகுவது வேறு, புளிப்பது வேறு.
எழில் நகரில் அது தெரியாதவர் யாருமில்லை:
ஒன்று தெருக்கோடியில் மலையாக நிற்கிறது,
இன்னொன்றை ஞாயிற்றுக்கிழமை
ஆப்பமாக ஊற்றுவோம்.

ஒன்பதாம் நாள்
எதிர்வீட்டுத் தேசராணி மூக்கை உறிஞ்சினாள்.
"இன்னாமே, சுண்டக்கஞ்சி போடறியா?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.
அந்தச் சிரிப்பு டீக்கடைக்கு இறங்கி
சிரிப்பை அங்கேயே விட்டுவிட்டு
ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி எட்டரைக்கு
கான்ஸ்டபிள் இளம்பரிதி
ஷூவோடு உள்ளே வந்தார்.
"தொற."
"இன்னும் ரெண்டு நாள் இருக்கு சார்."
அதையே வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்.

டப்பென்று விட்டது மூடி.
டார்ச் வெளிச்சத்தில்
வாழைப்பழத் தோல், முருங்கைச் சக்கை,
பள்ளிக்கூட டப்பாவில் திரும்பி வந்த
என் மகனின் எலுமிச்சை சாதம்,
போட்டது போட்டபடி.
மேலே மட்டும் பஞ்சுபோல் வெண்பூஞ்சை.
குனிந்து மோந்தார்.
இன்னொரு தடவை மோந்தார்,
அதற்கு அவசியமே இல்லை.

"குடிக்க முடியாதா?"
"செடிதான் குடிக்கும் சார், நூறு மடங்கு தண்ணி கலந்தா."
"கலக்காம?"
"சாக்கடையில ஊத்தலாம். அடைப்பு கரையும்னு சொல்றாங்க."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பொங்கலிலிருந்து ஸ்டேஷன் கக்கூஸ் அடைத்துக் கிடப்பதை
என்னிடம் இல்லை, டார்ச்சிடம் சொன்னார்.
குழாயைத் திருகி
ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டில் நிறையப் பிடித்துக் கொடுத்தேன்.
தொப்பிக்குள் வைத்து மறைத்து எடுத்துப் போனார்,
சாராயம்போலவே.

மண்ணுக்கு எங்கே போவாய் என்று
அவர் கேட்கவில்லை. மூன்றாவது மாடி,
கீழே சுவரிலிருந்து சுவர்வரை சிமெண்ட்.
காசிமேட்டுத் தெர்மாகோல் பெட்டி இரண்டு,
மெட்ரோவுக்குத் தோண்டிய களிமண் ஒரு சாக்கு,
அதில்தான் புதைக்கணும்.

வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன,
ஊர் முழுக்கத் தின்ற மிச்சத்தோடு.
என் வாளியால் அந்த மலை
ஒரு முறம்கூடக் குறையாது. தெரியும்.

காலையில் கதவைத் தட்டினாள் தேசராணி.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
கிண்ணத்தை நீட்டினாள்:
"எறா தோலு. போட்லாமா?"
கொட்டி, தவிடு தூவி, அமுக்கி,
மூடி கிளிக் என்று சொல்லும்வரை
இரண்டு பேரும் மேலேயே உட்கார்ந்திருந்தோம்.

முதல் நாள்.