மின்சாரம் போன இரவு

ஜனவரியில் மூன்று நாள் மின்சாரம் இல்லை.
ஷெட்லாந்தின் மேற்குக் கரையில்
குப்பைத் தொட்டியைக்கூடக் கயிறு போட்டுக் கட்டுவோம்.
எதைக் கொண்டுபோவது என்று
காற்றுதான் முடிவு செய்யும்.

மூன்றாம் இரவு சரிவில் ஏறி நின்று பார்த்தேன்.
பதினோரு வீடு. ஒன்றும் தெரியவில்லை.
கடல் எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது,
அதுவும் தெரியவில்லை.
பார்த்ததைத்தான் வரைந்தேன்:
அல்ட்ராமரைனில் கொஞ்சம் சுட்ட மண் நிறம் குழைத்து
மூன்று பூச்சு.
வடக்கு ஓரத்தில் மட்டும், கை போன போக்கில்,
பிரஷ்யன் நீலம்.

ஊர் மன்றத்துக் குலுக்கலுக்குக் கொடுத்தேன்.
தேநீர் மேசைக்குப் பின்னால் மாட்டினார்கள்.

"எங்கள் வீட்டைக் காணோமே, ஓஸ்லா?"
மைமிதான் ஆரம்பித்தாள்.
இருக்கிறது, இருட்டில் இருக்கிறது என்றேன்.
"அடுப்படி ஜன்னலில் மெழுகுவர்த்தி வைத்திருந்தேன்.
நீ சரியாகப் பார்க்கவில்லை."

படத்தைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

வெள்ளைச் சாயம் வைத்தால்
கடற்பறவை எச்சம்போல் மேலே உட்கார்ந்துகொள்ளும்.
நீர்வண்ணத்தில் வெளிச்சம் ஏற்கெனவே அடியில் இருக்கிறது,
காகிதமாக.
தூரிகையை நனைத்து, பிழிந்து,
ஜன்னல் அளவுக்கு நீலத்தின் மேல் வைத்து,
ஐந்து எண்ண வேண்டும்.
ஆறு எண்ணினால் பரவிவிடும்.
பிறகு காகிதக் கைக்குட்டையால் ஒற்ற வேண்டும்,
தேய்க்கக் கூடாது,
குழந்தையின் மூக்கைத் துடைப்பதைவிட மெதுவாக.

மைமியின் மெழுகுவர்த்தி வந்தது.

மறுநாள் ஹால்க்ரோ வீட்டார்:
"எங்கள் ஜெனரேட்டர் சத்தம் ஊருக்கே கேட்டதே!"
அவர்களுக்கு இரண்டு முறை ஒற்றினேன், பளிச்சென்று.
ஐஸ்பிஸ்டர் பையன், வயது ஒன்பது,
போர்வைக்குள் டார்ச் அடித்துப் படித்தானாம்.
அது வெளியே தெரியாதே என்றேன்.
"ஆனால் எரிந்ததே" என்றான்.
ஊசிமுனை அளவு எடுத்தேன்.

வடக்கு ஓரத்தில் கிப்பியின் வீடு.
பிரஷ்யன் நீலம் காகிதத்தின் நாருக்குள் போய்
குடியேறிவிடும்.
தூரிகை வைத்தேன், பஞ்சு வைத்தேன்,
பழைய பல்துலக்கியைக்கூட எடுத்தேன்.
நீலம் அசையவில்லை; காகிதம்தான்
துவைத்துத் துவைத்து நைந்த கம்பளிபோல்
மயிர் விட்டது. நிறுத்திவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கப் போனேன்.
நண்டுக்கூண்டின் வலையைப் பின்னிக்கொண்டே கிப்பி சொன்னார்:
"எட்டு மணிக்கே தூங்கிவிட்டேன்.
நல்ல தூக்கம். அதைக் கலைக்காதே."

குலுக்கலில் படம் விழுந்தது
மின்கம்பி பழுதுபார்க்க லெர்விக்கிலிருந்து வந்த பையனுக்கு.
வெளிச்சங்களை விரலால் எண்ணினான்.
ஒன்பது. அவன் முகம் வாடிவிட்டது.
"அப்படியென்றால் நாங்கள் எதற்கு
மூன்று நாள் கம்பத்தில் தொங்கினோம்?"
யாரும் பதில் சொல்லவில்லை.
மைமி அவனுக்கு இன்னொரு கேக் துண்டு வைத்தாள்.

இருட்டாக இருந்த இன்னொரு வீடு எங்களுடையது.
எர்ட்டி படகுத்துறையில் மாட்டிக்கொண்டிருந்தான்.
நான் சரிவில் நின்றுகொண்டிருந்தேன்.

ஒற்றி எடுத்த நீலம் முழுக்க
என் மேல்சட்டைப் பையில், கசங்கிய கைக்குட்டையில்.
மறந்துபோய் அப்படியே துவைக்கப் போட்டுவிட்டேன்.
எர்ட்டியின் வெள்ளைச் சட்டை
காலரிலிருந்து கை மடிப்புவரை
அந்த மூன்றாம் இரவின் நிறத்தில் வந்தது.
திட்டினான். பிறகு
அதையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.